பாட அட்டவணை கணினியில். பெருநாள் எந்தக் கட்டத்தில்?

2024 ஏப்ரலில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 4 முதல் 9-ஆம் வகுப்பு வரையிலான ஆண்டிறுதித் தேர்வில் இரண்டு தேர்வுகள் ஏப்ரல் 10, 12 தேதிகளில் குறிக்கப்பட்டிருந்தன. நோன்புப் பெருநாளோ 11-ஆம் தேதி. கோரிக்கைகள் எழுந்த பிறகு பள்ளிக் கல்வித் துறை அவற்றை 22, 23-க்கு மாற்றியது. நன்றிக்குரிய முடிவுதான். ஆனால் பெருநாள் என்ன, திடீரென்று வந்து நிற்பதா? பிறையால் ஒரு நாள் முன்பின் ஆகலாம். அது எந்த வாரம் என்பது, ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கும் தினசரி காலண்டர்காரர்களுக்கு எட்டு மாதம் முன்பே தெரியும்!

இன்று நம் பிள்ளைகளின் பள்ளி நாள் பெருமளவு எமிஸ் தளத்திலும் அதன் செயலியிலும் பதிவாகிறது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சிறு பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரிக்கப்பட்டு, மதிப்பீடும் செயலி வழியே நடக்கிறது. இதை நாம் குறை சொல்லவில்லை. எந்த வகுப்பு எந்தப் பாடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால், ஆசிரியர் மாறிப் போனாலும் பாடம் அறுபடாது. பதிவேற்றும் வேலையே கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்ற ஆசிரியர் சங்கங்களின் புகாரிலும் நியாயம் உண்டு.

நமது கவலை வேறு. மாநிலம் முழுமைக்கும் ஒரே அட்டவணை என்றால், விருதுநகர் மாவட்டத்தின் பருவம் அதில் எங்கே?

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில்தான் பட்டாசு ஆலைகளில் வேலை உச்சத்தில் இருக்கும். காலாண்டுத் தேர்வும் செப்டம்பரில். தாயும் தந்தையும் விடியலிலேயே ஆலை வண்டி ஏறும் வீட்டில், கைக்குழந்தையைப் பார்ப்பது மூத்த பெண்பிள்ளை. அவள் வரவில்லை என்று செயலி அன்றே சொல்லிவிடும். ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். குழந்தைத் தொழிலாளர் குறித்து 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த எம்.சி. மேத்தா தீர்ப்பு, சிவகாசியை முன்வைத்துப் பிறந்த வழக்கில் வந்தது. வகுப்பை விட்ட பிள்ளை எங்கே போகும் என்பது இந்த மண்ணில் சாதாரணக் கேள்வி அல்ல. தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கும் வாரங்களில் விட்ட பாடங்களை மீட்க அட்டவணையிலேயே இடம் ஒதுக்கலாம். மென்பொருளுக்கு அது சில நிமிட வேலை. யாராவது அதனிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நோன்புக்கும் அதுவே. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது. 2025-ல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3-ல் தொடங்கியபோது நம் பிள்ளைகள் இரண்டாம் நோன்பில் இருந்தார்கள். 2027-ல் பெருநாள் மார்ச் 10-ஐ ஒட்டி வரும். 2028-ல் பிப்ரவரிக் கடைசியில். அப்போது செய்முறைத் தேர்வுகள் நோன்புக்குள் விழலாம். 2030-லோ ரமளான் இரண்டு முறை தொடங்கும், ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலும். இந்தத் தேதிகளை இப்போதே அட்டவணையில் ஏற்றிவிட முடியும். மாலைச் சிறப்பு வகுப்பு நோன்பு திறக்கும் நேரத்தோடு மோதுமா, மக்தபுக்குப் போகும் பிள்ளைக்கு இடைவெளி இருக்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை; பாதி இடம் பெண்களுக்கு. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அதன் வேலை. ஆனால் நம் ஜமாஅத்துகளில் பலவும் தேர்வுத் தேதி வெளியான பிறகுதான் மனு எழுதுகின்றன. பிள்ளையின் தாய் ஜூன் மாதக் கூட்டத்துக்கே போய், நோன்பு தொடங்கும் வாரத்தையும் ஆலை மூடும் வாரத்தையும் ஒரு தாளில் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லலாம்.