அடிபட்டவனே சாட்சி தேட வேண்டுமா?

ஒதியம்பட்டிலே, பொழுது விடியுமுன் எழுந்து, சோற்றுத் தூக்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்படும் கொத்தனார் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். வில்லியனூர்ச் சாலையில் ஓரமாகத்தான் போகிறார். பின்னால் வந்த கார் இடித்துத் தள்ளுகிறது. தொடை எலும்பு முறிகிறது, நினைவு தப்புகிறது. வழியே போன நல்லவர்கள் அவரை ஜிப்மருக்கு அனுப்பி வைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அந்த இடத்திலே நிற்பவர் யார்? காரை ஓட்டியவர் நிற்கிறார். போலீசார் வந்ததும் பேசுகிறவர் அவர். "சைக்கிள்காரன் குறுக்கே வந்துவிட்டான்" என்று சொல்கிறவரும் அவரே. அடிபட்டவர் பேச முடியாமல் கட்டிலில் கிடக்கிறார். சக்கரத்தின் தடத்தை மறுநாள் மழை அழித்துவிடுகிறது. கடைக்காரரின் காமிராவில் பதிந்த படம், கேட்பாரற்றுச் சில நாட்களில் அழிந்துபோகிறது.

பிறகு ஒருநாள், ஊன்றுகோலோடு அவர் தீர்ப்பாயத்தின் படியேறுகிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் எழுந்து கேட்கிறார்: "காரை ஓட்டியவர் மீதுதான் தவறு என்பதற்கு என்ன ஆதாரம்?"

கேள்வி சட்டப்படி சரியானது. நியாயப்படி சரிதானா என்பதே நாம் கேட்பது.

மோட்டார் வாகனச் சட்டம், 166ஆம் பிரிவின்படி முழு நஷ்டஈடு கேட்பவர், எதிர் வாகனத்தை ஓட்டியவரின் கவனக்குறைவை மெய்ப்பித்தாக வேண்டும். 1977இல் மீனு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது. அந்தக் கடுமை பலரை உறுத்தியதால், 1982இல் ஒரு திருத்தம் வந்தது. தவறு யாருடையது என்று கேளாமலே, உயிர் போனால் 15,000 ரூபாய் என்றார்கள். இன்று 164ஆம் பிரிவின்படி அது 5 லட்சம். கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம்.

நல்லதுதானே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொத்தனாருக்கு நாளொன்றுக்கு 800 ரூபாய், மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால், மாத வருமானம் 20,000. 5 லட்சம் என்பது 25 மாதக் கூலி! முப்பது வயதில் அவர் மாண்டுபோனால், 26ஆம் மாதம் அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அந்த 5 லட்சத்தைப் பெற்றுக்கொண்டாலோ, 166ஆம் பிரிவின்படி கேட்ட வழக்கு அத்தோடு முடிந்துவிடும். ஆகவே, குறைந்ததை வாங்கிக்கொண்டு ஓய்வதா, ஆதாரம் தேடி அலைவதா என்ற இரண்டுக்கும் நடுவே ஏழைக் குடும்பம் திண்டாடுகிறது.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அதைக் காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. புதுவையின் பழைய ஏட்டைப் புரட்டினால் போதும்.

1954 நவம்பர் முதல் நாள் வரை இந்த மண் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. பிரெஞ்சு சிவில் சட்டம் இங்கே செல்லுபடியாயிற்று. அந்தச் சட்டத்திற்குப் பிரான்சின் மேல்முறையீட்டு மன்றம் 1930 பிப்ரவரி 13இல் ஒரு விளக்கம் தந்தது. 1925இல் சாலையைக் கடந்த சிறுமி ஒருத்தியை லாரி மோதிய வழக்கு அது. ஜாந்தெர் வழக்கு என்று சட்டம் படித்தோர் சொல்வார்கள். வண்டியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவனே பொறுப்பாளி. தப்ப வேண்டுமானால், எதிர்பாராத, தடுக்கவியலாத புறக்காரணத்தை அவனே காட்ட வேண்டும். 'என் மேல் தவறில்லை' என்று சொன்னால் மட்டும் போதாது என்பதே தீர்ப்பு. 1985இல் பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்று, நடந்து போகிறவர்க்கும் சைக்கிளில் போகிறவர்க்கும் காப்பளிக்கத் தனிச் சட்டமே இயற்றியது.

அந்நிய ஆட்சியைப் புகழ்வதற்காக இதை நாம் எழுதவில்லை. ஏட்டில் இருந்த நியாயம் அன்றைய ஒதியம்பட்டு உழவனுக்கு எவ்வளவு எட்டியது என்பது வேறு விஷயம். ஆனால் அந்நியனுடைய சட்டத்தில் இருந்த நியாயம், நம்முடைய சட்டத்தில் ஏன் இருக்கக் கூடாது?

'ஒரு பாவமும் அறியாத டிரைவரைத் தண்டிப்பதா?' என்று சிலர் கேட்கக் கூடும். தண்டிக்கச் சொல்லவில்லை, சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. மெய்ப்பிக்கும் சுமையை இடம் மாற்றச் சொல்கிறோம். இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி சாலையில் ஓடக்கூடாது என்பது சட்டம். ஆகவே பெரும்பாலும் பணம் தருவது கம்பெனி. கம்பெனிக்கு வக்கீல் உண்டு, விசாரிக்க ஆள் உண்டு, காத்திருக்கக் காலமும் உண்டு. கொத்தனாருக்கு என்ன உண்டு? சுமக்க வல்லவன் தோளில் அல்லவா சுமையை ஏற்ற வேண்டும்!

சட்டம் மாறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நம் நீதிமன்றங்களே கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கின்றன. தமிழகத்தில் ஓடிய பஸ் ஒன்று, இரவில் தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதி, எட்டுப் பேர் அங்கேயே மாண்டார்கள். குற்ற வழக்கில் டிரைவர் விடுதலையானார். 'கடவுளின் செயல்' என்பது அங்கே சொன்ன காரணம்! நஷ்டஈட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், குற்ற வழக்கின் விடுதலை நஷ்டஈட்டைத் தடுக்காது என்றும், நுணுக்கம் பேசி ஏழையைக் கைவிடலாகாது என்றும் தெளிவுபடுத்தினார். குற்ற வழக்கில் சந்தேகமற மெய்ப்பிக்க வேண்டும். தீர்ப்பாயத்திலே எது நடந்திருக்கக் கூடியது என்று காட்டினால் போதும். 2009இல் பிம்லா தேவி வழக்கிலும் இதுவே உறுதியாயிற்று.

ஆகவே ஊர் மக்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். அடிபட்டவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். உதவி செய்தவரைச் சட்டம் வம்புக்கு இழுக்காது, காக்கிறது. வண்டிகளை நகர்த்துமுன் செல்போனில் படம் எடுங்கள். வண்டி எண்ணையும், கண்ணால் கண்டவர் பெயரையும் குறித்து வையுங்கள். கடைக்காரரிடம் காமிராப் பதிவை அன்றே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையில் நடந்தது நடந்தபடி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வழக்கை ஆறு மாதத்துக்குள் போடுங்கள். புதுவையும் தமிழகமும் பின்னிக் கிடக்கும் நம் பகுதியில், எல்லைக்கு அப்பால் விபத்து நேர்ந்தாலும், குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.

போலீசாருக்கும் கடமை உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இடத்தின் வரைபடமும் வண்டிகளைச் சோதித்த விவரமும் அதில் அடங்கும். இதை ஒழுங்காகச் செய்தாலே, ஊன்றுகோலோடு ஒருவர் சாட்சி தேடி அலையும் கொடுமை பாதி குறையும்.

புதுவை அரசை நாம் வற்புறுத்துவது இரண்டு. ஒன்று, 90 நாள் கெடு தவறாமல் அறிக்கை தயாராகிறதா என்று கண்காணித்து, அதன் நகலை அடிபட்டவர் வீட்டிலேயே சேர்ப்பது. இரண்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும் வழியைக் கிராமந்தோறும் அறிவிப்பது. மத்திய சர்க்காரை வற்புறுத்துவது ஒன்றுதான்: மெய்ப்பிக்கும் சுமையை வண்டிக்காரர் பக்கம் மாற்றிச் சட்டத்தைத் திருத்துங்கள்.

அடிபட்டவன் பேச முடியாதபோது, அவனுக்காகச் சட்டம் பேச வேண்டாமா? பேசும் நாளை எதிர்பார்க்கிறோம்.