விளம்பர யோசனை கடைத்தெருவில் இருக்கிறது

சமூக ஊடகத்தில் ஒரு பாட்டு பிரபலமானால், இரண்டு நாளில் பிரியாணிக் கடையும் பல் மருத்துவமனையும் வீட்டுமனை விற்பவரும் அதே பாட்டுக்கு ரீல்ஸ் போடுகிறார்கள். ஒரு பட வசனம் பரவினால், அந்த வசனத்தை ஒட்டிய விளம்பரங்கள் வரிசையாக வருகின்றன. எது எந்தக் கடை என்பது பார்க்கிறவர் மனதில் நிற்பதே இல்லை. சந்தைப்படுத்தல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது கவலை தர வேண்டிய விஷயம். முன்பு கடைத்தெருவையும் சமையலறையையும் பேருந்து நிறுத்தத்தையும் பார்த்து விளம்பரம் எழுதினார்கள். இப்போது மற்றவர்கள் போட்ட பதிவுகளைப் பார்த்து எழுதுகிறோம். நம் சரக்கைப் பற்றி நாலு பேருக்குச் சொல்ல சமூக ஊடகம் நல்ல இடம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என்ன சொல்வது என்பதையும் அங்கிருந்தே எடுக்கத் தொடங்கினால் இந்தத் தொழில் வறண்டு போகும்.

யோசனை கடைத்தெருவிலிருந்துதான் வருகிறது என்பதற்கு நம் ஊர்க் கதை ஒன்றே போதுமான சான்று. ஷாம்பு பாட்டிலில் மட்டுமே கிடைத்துவந்த காலத்தில், அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்ற யோசனையோடு கடலூர் சின்னிகிருஷ்ணனின் பெயர்தான் சேர்த்துச் சொல்லப்படுகிறது. கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்கக்கூடியதாகத் தன் சரக்கு இருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததாக அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர் மாதத்துக்கான சாமானை மொத்தமாக வாங்குவதில்லை. சாயங்காலம் கைக்கு வரும் காசில் அன்றைக்கு வேண்டிய எண்ணெய், அன்றைக்கு வேண்டிய சோப்பு என்றுதான் வாங்குவார். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் ஒன்றைக் கடைக்காரர் கிழித்துத் தருவது அந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்தியது. பாட்டில் வாங்கக் காசில்லாதவருக்கும் ஷாம்பு வேண்டும் என்பது எந்த விற்பனைப் புள்ளிவிவரத்திலும் வந்திருக்காது, ஏனென்றால் அவர் ஷாம்பு வாங்கியதே இல்லை. கடைக்கு முன்னால் நின்று பார்த்தவருக்குத்தான் அது தெரிந்தது.

ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொழில் தொடங்கி சிக் ஷாம்புவை விற்றபோதும் இதே பார்வைதான் கைகொடுத்தது. ஷாம்பு பழக்கமில்லாத கிராமங்களுக்குப் போய், கூட்டத்தின் நடுவில் ஒரு பையனுக்குத் தலை கழுவிக் காட்டினார்கள். சுற்றி நின்றவர்களை அவன் முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். எந்த நிறுவனத்தின் காலி பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். ஜனங்கள் பழகிய பிறகு, சிக் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால்தான் ஒன்று இலவசம் என்று திட்டத்தை மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமானது என்றும், மல்லிகை, ரோஜா வாசனைகளைச் சேர்த்ததும் 30 லட்சமானது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். தலை நிறைய மல்லிகை வைத்துக்கொள்ளும் ஊரில் ஷாம்புவிலும் மல்லிகை மணக்க வேண்டும் என்பது இன்று சொன்னால் எளிதாகத் தெரிகிறது. அன்றைக்கு அதை யாரோ ஒருவர் கவனிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலி பாக்கெட்டுகள் பின்னாளில் சாக்கடைகளை அடைத்துக்கொண்டது இந்தக் கதையின் வருத்தமான மறுபக்கம். அதற்கும் விடை கண்டுபிடிக்க வேண்டிய கடமை இந்தத் தொழிலுக்கு இருக்கிறது.

அன்றாட வாழ்க்கையைக் கவனிப்பதன் பலனை விளம்பரப் படங்களிலும் பார்க்கலாம். ஃபெவிகால் பசைக்காக ஓகில்வி விளம்பர நிறுவனத்தில் பியூஷ் பாண்டேயின் காலத்தில் எடுத்த பேருந்து விளம்பரத்தில் வசனமே கிடையாது. பாலைவனச் சாலையில், உள்ளேயும் கூரையிலும் பக்கவாட்டிலும் ஆட்கள் ஒட்டிக்கொண்ட ஒரு பேருந்து குலுங்கிக் குலுங்கிப் போகிறது, ஒருவரும் விழவில்லை, அவ்வளவுதான். ராஜஸ்தானின் கிராமத்துச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேருந்து புதிதல்ல. நம் பக்கத்தில் லலிதா ஜுவல்லரியின் உரிமையாளர் கிரண்குமார் தானே திரையில் வந்து, நகையைப் படம் பிடித்துக்கொண்டு போய் மற்ற கடைகளில் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொன்னதை எல்லோரும் அறிவார்கள். கல்யாண நகை வாங்கும் குடும்பம் நாலு கடை ஏறி இறங்கி, ஒவ்வொன்றிலும் எஸ்டிமேட் சீட்டு வாங்கி, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுவது இங்கே வழக்கம். ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. அந்த விளம்பரம் நேராக அந்தப் பயத்தோடு பேசியது. சமூக ஊடகத்தில் அதைக் கேலி செய்து வந்த மீம்களுக்குக் குறைவில்லை. ஆனால் மீம் போட்டவரும் அதன் வாசகத்தை மறக்கவில்லை.

இப்போது திரையில் தெரியும் எண்களுக்கு வருவோம். லைக், வியூஸ், ரீச் ஆகியவை கட்டைவிரல் ஒரு பதிவில் நின்றதா என்று சொல்கின்றன. நின்றவருக்கு அந்தப் பொருள் தேவையா, வாங்க வழியிருக்கிறதா, நம்பிக்கை வந்ததா என்பதை அவற்றால் சொல்ல முடியாது. நின்றதைக்கூட அவை எப்போதும் சரியாகச் சொன்னதில்லை. வீடியோக்களின் சராசரிப் பார்வை நேரத்தைக் கணக்கிட்டபோது 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டுமே சேர்த்ததாக 2016-ல் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. சட்டென்று தள்ளிவிட்டுப் போனவர்கள் கணக்கில் வராததால் சராசரி ஊதிப்போயிருந்தது. 60 முதல் 80 சதவீதம் வரை மிகைப்பட்டிருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கு 2019-ல் 4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த எண்களை நம்பி எத்தனையோ பேர் தங்கள் விளம்பரப் பணத்தை வீடியோ பக்கம் திருப்பியிருந்தார்கள்.

எண் சரியாக இருந்தாலும் அதற்கு நாம் கொடுக்கும் பொருள் தவறாக இருக்கலாம். இணையச் சந்தையான ஈபே நிறுவனத்தில் நடந்த சோதனை இதற்குத் தெளிவான சான்று. தன் பெயரையே தேடுகிறவர்களுக்குத் தேடுபொறியில் காட்டிவந்த கட்டண விளம்பரங்களை அந்நிறுவனம் நிறுத்திப் பார்த்தது. ஏறத்தாழ அத்தனை பேரும் கட்டணமில்லாத தேடல் முடிவு வழியாகவே வந்து சேர்ந்தார்கள். மற்றச் சொற்களுக்கான விளம்பரங்கள் புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குகிறவர்களிடமும் பலன் தந்தன, அடிக்கடி வாங்குகிறவர்களிடம் தரவில்லை. 2015-ல் வெளியான அந்த ஆய்வுக்கு முன், வந்த ஒவ்வொரு கிளிக்கும் விளம்பரத்தின் வெற்றியாகவே எழுதப்பட்டிருக்கும். பிராக்டர் அண்ட் கேம்பிள் 2017-ல் ஒரே காலாண்டில் இணைய விளம்பரச் செலவில் 10 கோடி டாலருக்கு மேல் குறைத்தது. விற்பனையில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை என்று அந்நிறுவனமே சொன்னது. இத்தனை பெரிய நிறுவனங்களே தடுமாறியிருக்கும்போது, மாதம் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பதிவை பூஸ்ட் செய்யும் தையல் கடைக்காரர், வரும் எண்களை அப்படியே நம்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு ஆலோசனை சொல்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஊடகத்தைப் பார்த்து விளம்பரம் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு பெப்சி 2017 ஏப்ரலில் வெளியிட்ட படம் உதாரணம். ஒரு போராட்ட ஊர்வலத்தில் மாடல் அழகி கெண்டல் ஜென்னர் போலீஸ்காரரிடம் ஒரு கேனை நீட்ட, எல்லோரும் ஆரவாரம் செய்வதாக எடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டப் படங்கள் எல்லோர் கைபேசியிலும் வந்துகொண்டிருந்த காலம் அது. போராட்டத்தின் தோற்றம் படத்தில் இருந்தது, காரணம் இல்லை. எதிர்ப்பு கிளம்பி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றார்கள். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெண்கலம் வென்றதும், அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிறுவனங்கள் வாழ்த்துப் பதிவில் அவர் படத்தைப் போட்டுத் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டன. சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக அவருடைய மேலாண்மை நிறுவனம் அறிவிக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிவுகளில் பெயரை மட்டும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று போட்டவர்களுக்கே தெரியாது.

அமுல் 1966-லிருந்து அன்றாடச் செய்தியை வைத்துத்தானே விளம்பரம் செய்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமுலின் பலம் செய்தியில் மட்டும் இல்லை. அதே சிறுமி, அதே புள்ளிச் சட்டை, அதே சிலேடை என்று பல பத்தாண்டுகளாக மாறாத ஒரு குரல் அதற்கு உண்டு. செய்தி எதுவாக இருந்தாலும் பேசுவது யார் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதோடு அந்த வெண்ணெய் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தது. தனக்கென்று குரல் இல்லாத கடை அந்த வழியில் போனால் கூட்டத்தில் இன்னொரு முகமாகத்தான் இருக்கும்.

சமூக ஊடகம் இல்லாவிட்டால் சிறு வியாபாரிக்கு வழியே இல்லை என்பது இன்னொரு மறுப்பு. இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். நாளிதழில் கால் பக்கம் வாங்க முடியாதவர், வீட்டில் அரைத்த இட்லிப் பொடியை வெளியூருக்கு அனுப்ப முடிவது இந்த ஊடகத்தால்தான். வாங்குகிறவர் என்ன நினைக்கிறார் என்பதும் அங்கே தெரியும், பார்க்கத் தெரிந்தால். புடவை விற்கும் ஏதாவது ஒரு இன்ஸ்டாகிராம் பக்கத்தின் கமென்ட்களைத் திறந்து பாருங்கள். வரிசையாக ஒரே கேள்வி, விலை என்ன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே பதில், டிஎம் செய்யுங்கள். விலையை ஒளித்தால் ஆட்கள் பேச வருவார்கள், பேச்சு கூடினால் ரீச் கூடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கேட்கிற பெண்ணின் பக்கம் நின்று யோசித்தால், ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ என்ற சந்தேகம்தான் அங்கே எழும். இணையத்தில் விற்கும் பொருளின் மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்று 2020-ன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. நூறு பேர் ஒரே கேள்வியைக் கேட்கும்போது அதற்குப் பதிலைப் படத்தின் மேலேயே எழுதிவிடுவது, எந்த ட்ரெண்டைப் பின்தொடர்வதைவிடவும் நல்ல விளம்பரம்.

லட்சக்கணக்கானவர்களின் தரவு கையில் இருக்கும்போது நாலு கடையில் நின்று பார்த்ததை நம்பச் சொல்வது அறிவியலுக்குப் புறம்பு என்றும் வாதிடலாம். நேரில் பார்ப்பதில் தவறு வரும், நமக்குப் பிடித்ததையே பார்த்துவிட்டு வருவோம் என்பது உண்மை. அதனால்தான் பார்த்ததைச் சோதிக்கத் தரவு வேண்டும். காலி பாக்கெட் திட்டத்தை முதலில் ஒரு விதமாகவும் பிறகு வேறு விதமாகவும் நடத்தி விற்பனையைக் கணக்கெடுத்தது அப்படிப்பட்ட சோதனைதான். ஆனால் சோதிப்பதற்கு முதலில் ஒரு யோசனை வேண்டும். பாட்டில் வாங்கியவர்களின் தரவை எத்தனை முறை அலசினாலும் பாட்டில் வாங்காதவரின் வீடு அதில் தெரியாது.

அன்றாட வாழ்க்கையிலிருந்து கற்கிறோம் என்று லிங்க்ட்இன் போன்ற தளங்களில் எங்கள் தொழில்காரர்கள் தினமும் எழுதுகிறார்களே என்று யாராவது நினைவூட்டலாம். டீக்கடைக்காரர் கற்றுத் தந்த பாடம், ஆட்டோ ஓட்டுநரிடம் கண்ட ஐந்து உத்திகள் என்று அந்தப் பதிவுகள் நீள்கின்றன. எழுதுகிறவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவற்றில் டீக்கடைக்காரர் என்ன விலைக்குப் பால் வாங்குகிறார், எத்தனை மணிக்குக் கடை திறக்கிறார், கடன் சொல்கிறவரை எப்படிச் சமாளிக்கிறார் என்ற விவரம் இருப்பதில்லை. பாடம் முன்பே தயாராக இருக்கிறது, அவர் அதற்கு ஒரு படமாக நிற்கிறார். ஒருவரைக் கவனிக்க வேண்டுமென்றால் அவர் சொல்வது நமக்கு உதவாமல் போனாலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அன்று மாலையே பதிவு போட வேண்டிய அவசரத்தில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை.

சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கும் அவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த மாதம் பதிவுகளை பூஸ்ட் செய்ய ஒதுக்கிய பணத்தில் கால்வாசியை எடுத்து வையுங்கள். அந்தச் செலவில் ஒரு ஆளை ஒரு வாரம் கடையில் நிறுத்தி, வந்தவர் முதலில் எதைக் கேட்டார், எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தார், வாங்காமல் போனவர் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டைப் படித்த பிறகு அடுத்த ரீல்ஸ் எடுங்கள்.