களமும் களஞ்சியமும்

பழைய புகைப்படங்களைக் கணினியில் ஏற்றிச் செப்பனிடும் பணி இன்று பல தமிழ்க் குடும்பங்களில் நடைபெறுகிறது. தில்லி, மும்பை, கொல்கத்தா, பிலாய் போன்ற நகரங்களில் பணியின் பொருட்டுக் குடியேறிய குடும்பங்களுக்கு இப்பணி மிகவும் நெருக்கமானது. சொந்த ஊரில் இருந்த வீடு கைமாறியிருக்கலாம். தாத்தாவின் குரல் நினைவில் மங்கியிருக்கலாம். அவர் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு படம் மட்டும் இரும்புப் பெட்டியின் அடியில் எஞ்சியிருக்கும். அதன் ஓரங்கள் பழுத்திருக்கும். நடுவே ஒரு மடிப்புக்கோடு ஓடும். அப்படத்தை வருடியின் மூலம் கணினியில் ஏற்றி, கறைகளை நீக்கி, மடிப்பை மறைக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளிடமே வந்து சேர்கிறது.

அப்பணியின் நடுவே கணினி சில நேரங்களில் ஒரு செய்தியைக் காட்டும். 'ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது. பணியைத் தொடர இயலாது' என்பது அதன் சாரம். உடனே நம்மில் பலர் செய்வது என்ன? 'கணினியில் இடமில்லை' என்று மட்டும் பொருள்கொண்டு, சேமித்து வைத்த படங்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்குகிறோம். இது தவறான வழி என்பதே என் கருத்து. இடம் போதாமல் போனது வேலை செய்யும் களத்தில். நாம் அழிப்பதோ காத்து வைக்க வேண்டிய செல்வத்தை. இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாதவர் கையில் எவ்வளவு பெரிய கணினி இருந்தாலும் குடும்பத்தின் படங்கள் பாதுகாப்பாக இரா.

களம் எது, களஞ்சியம் எது?

உழவர் அறுவடை செய்த கதிர்களைக் களத்தில் பரப்புவர், அடிப்பர், தூற்றுவர். பிரித்தெடுத்த நெல்லைக் குதிரிலோ பத்தாயத்திலோ சேர்ப்பர். பணி நடக்கும்வரை களமெங்கும் வைக்கோலும் பதரும் பரவிக் கிடக்கும். பணி முடிந்ததும் களம் பெருக்கப்படும். களத்தில் இடம் போதவில்லை என்பதற்காகப் பத்தாயத்து நெல்லைத் தெருவில் கொட்டும் உழவர் எவரும் இலர்.

கணினியிலும் இவ்விரண்டும் உண்டு. நாம் திறக்கும் படத்தை மென்பொருள் முதலில் கணினியின் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. நினைவகம் போதாதபோது, வன்தட்டில் காலியாக உள்ள பகுதியையும் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. 1990ஆம் ஆண்டு முதன்முதலில் விற்பனைக்கு வந்த ஃபோட்டோஷாப் இப்பகுதியை 'ஸ்கிராட்ச் டிஸ்க்' என்று அழைக்கிறது. 1996ஆம் ஆண்டு வெளிவந்த ஜிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருள் இதனை 'ஸ்வாப்' என்கிறது. பெயர் எதுவாயினும் பணி ஒன்றே. இக்கட்டுரையில் நாம் அதனைப் பணிக்களம் என்போம். அதில் இருப்பவை தற்காலிகக் கோப்புகள். நாம் சேமித்து வைத்த படங்கள் இருக்கும் கோப்புறையே களஞ்சியம்.

ஒரே வன்தட்டு உள்ள வீட்டுக் கணினியில் களமும் களஞ்சியமும் ஒரே நிலத்தில் அமைந்துள்ளன. அதனால்தான் குழப்பம் நேர்கிறது. களஞ்சியத்தில் இருந்து சில படங்களை அழித்தால் களத்திற்கும் சிறிது இடம் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால், எவ்வளவு இடம் கிடைக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தவர் அவ்வழியில் செல்லமாட்டார்.

கணக்கு காட்டும் உண்மை

ஆறு அங்குல நீளமும் நான்கு அங்குல அகலமும் கொண்ட ஒரு புகைப்படத்தை, அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்ற அளவில் வருடுவதாகக் கொள்வோம். நீளத்தில் 3,600 புள்ளிகளும் அகலத்தில் 2,400 புள்ளிகளும் அமையும். மொத்தம் 86,40,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க மூன்று பைட்டுகள் தேவை. ஆகவே, திறந்த நிலையில் அப்படத்திற்கு ஏறத்தாழ 26 மெகாபைட் இடம் வேண்டும். அங்குலத்திற்கு 1,200 புள்ளிகள் என்று கூட்டினால், இடம் இரண்டு மடங்காவதில்லை. நான்கு மடங்காகி 104 மெகாபைட்டை எட்டுகிறது.

கறை நீக்க ஓர் அடுக்கு, ஒளி கூட்ட ஓர் அடுக்கு, முகத்தைத் தெளிவாக்க ஓர் அடுக்கு என அதே அளவில் பத்து அடுக்குகள் வைத்தால் ஒரு கிகாபைட்டைத் தாண்டிவிடும். இதனுடன், செய்த மாற்றத்தைத் திரும்பப்பெறும் வசதிக்காக மென்பொருள் நம் முந்தைய நிலைகளையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஃபோட்டோஷாப்பின் இன்றைய பதிப்புகளில் இயல்பாக 50 நிலைகள் வரை காக்கப்படுகின்றன. பணிக்களம் பல கிகாபைட் அளவுக்கு வீங்குவது இவ்வாறுதான்.

'சேமித்த படம் மூன்று மெகாபைட்தானே, அதற்கு இத்தனை இடமா?' என்று நீங்கள் கேட்கலாம். பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவை ஒரு சாண் இடத்தில் அடங்கிவிடுகிறது. அதன் கிழிசலைத் தைக்க விரித்தால் கூடமே போதவில்லை. ஜேபெக் வடிவில் சேமித்த படமும் அவ்வாறே சுருக்கி மடிக்கப்பட்டது. திறக்கும்போது அது முழு அளவில் விரிகிறது.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று மெகாபைட் அளவுள்ள படங்கள் 300 இருந்தால் மொத்தம் 900 மெகாபைட். ஒரு குடும்பத்தின் 300 நினைவுகளை அழித்தாலும் ஒரு கிகாபைட் இடம்கூட முழுமையாகக் கிடைப்பதில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்னும் பழமொழி இச்செயலுக்கு மிகவும் பொருந்தும்.

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அழித்த படம் முதலில் கணினியின் குப்பைத்தொட்டிக்குத்தான் செல்கிறது. அங்கே இருக்கும்வரை அது வன்தட்டில் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். 'இத்தனை படங்களை அழித்தும் இடம் கூடவில்லையே' என்று வியக்கும் பிள்ளை, அடுத்து அத்தொட்டியையும் காலி செய்துவிடுகிறது. மனம் மாறி மீட்டெடுப்பதற்கு இருந்த எளிய வழியும் அத்துடன் மூடிவிடுகிறது.

முறையான வரிசை

களத்தைப் பெருக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலாவதாக, செய்த பணியைச் சேமித்துவிட்டு மென்பொருளை முறையாக மூடவேண்டும். முறையாக மூடும்போது அது தன் தற்காலிகக் கோப்புகளைத் தானே அழித்துவிடும். மின்தடையாலோ வேறு காரணத்தாலோ இடையில் நின்றுபோனால் மட்டும் அக்கோப்புகள் களத்தில் தங்கிவிடுகின்றன. ஃபோட்டோஷாப் விட்டுச்செல்லும் கோப்பின் பெயர் பெரும்பாலும் 'ஃபோட்டோஷாப் டெம்ப்' என்று தொடங்கி எண்களில் முடியும். மென்பொருள் மூடியிருக்கும்போது இத்தகைய கோப்புகளை அச்சமின்றி அழிக்கலாம். மென்பொருள் இயங்கும்போது அவற்றைத் தொடுதல் கூடாது.

இரண்டாவதாக, விண்டோஸ் கணினியின் அமைப்புகளில் 'சேமிப்பகம்' என்னும் பகுதி உள்ளது. அங்கே தற்காலிகக் கோப்புகளின் பட்டியலைக் காணலாம். இப்பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்க்கவேண்டும். 'டவுன்லோட்ஸ்' என்னும் கோப்புறையும் இப்பட்டியலில் இடம்பெறுகிறது. ஊரில் இருந்து சித்தப்பா அனுப்பிய படங்களை நீங்கள் அக்கோப்புறையிலேயே விட்டு வைத்திருக்கக்கூடும். பட்டியல் முழுவதையும் தேர்வுசெய்து அழித்தால் அவையும் சேர்ந்து மறைந்துவிடும்.

மூன்றாவதாக, பணியின் நடுவிலேயே இடம் வேண்டுமாயின், மென்பொருளின் 'எடிட்' பட்டியலில் உள்ள 'பர்ஜ்' என்னும் கட்டளை முந்தைய நிலைகளை நீக்கி இடம் தரும். அதன்பின் அந்நிலைகளுக்குத் திரும்பிச் செல்ல இயலாது. எனவே, படத்தைச் சேமித்த பின்னரே இதனைப் பயன்படுத்த வேண்டும். 50 நிலைகளை 20 ஆகக் குறைத்து வைத்துக்கொள்வதும் நல்ல வழக்கமே.

நான்காவதாக, கணினியில் வேறொரு வன்தட்டோ பகுதியோ இருந்து, அதில் காலியிடம் மிகுந்திருந்தால் பணிக்களத்தை அங்கு மாற்றலாம். மென்பொருள் திறக்கவே மறுத்தால், விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஆல்ட் ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தியவாறே ஃபோட்டோஷாப்பைத் திறக்கவேண்டும். களத்தை மாற்றும் பெட்டி தோன்றும். பென்டிரைவைப் பணிக்களமாக வைப்பது நன்றன்று. அது வேகம் குறைந்தது. இடையில் யாரேனும் பிடுங்கிவிட்டால் பணி பாழாகும்.

இந்நான்கையும் செய்த பின்னரும் இடம் போதவில்லை என்றால், அப்போதுதான் களஞ்சியத்தின் பக்கம் திரும்பவேண்டும். அப்போதும் அழித்தல் கூடாது. வேறோர் இடத்தில் படியெடுத்து, அப்படி சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பின்னரே இங்கிருந்து நீக்கவேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

'பெரிய வன்தட்டு வாங்கினால் இத்தனை தொல்லை எதற்கு?' என்பர் சிலர். வசதி உள்ளவர் வாங்கலாம், அதில் தவறில்லை. ஆனால், பெருக்காத களம் எவ்வளவு பெரிதாயினும் ஒருநாள் நிரம்பும். மேலும், அப்பாவின் பழைய கணினி ஒன்றையே அண்ணனும் தங்கையும் மாறி மாறிப் பயன்படுத்தும் வீடுகள் நம்மிடையே பல. அவர்களுக்குச் செலவில்லாத வழியே முதலில் தெரியவேண்டும்.

'இணையத்தில் படங்கள் இருக்கின்றன. இங்கே அழித்தால் என்ன?' என்பது மற்றொரு கருத்து. இணையச் சேமிப்பு பயனுள்ளதே. ஆனால், கணினியும் இணையமும் ஒன்றையொன்று பின்பற்றுமாறு இணைக்கப்பட்டிருந்தால், இங்கே அழிக்கும் படம் அங்கேயும் அழிந்துவிடும். அவ்வாறு இணைக்கப்பட்டுள்ளதா என்று அறியாமல் அழிப்பது, ஆழம் அறியாமல் ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

'படத்தைச் சிறிய அளவில் வருடினால் போதாதா?' என்றும் கேட்கலாம். இக்கேள்வியில் நியாயம் உண்டு. கைபேசியில் பார்ப்பதற்கு மட்டும் என்றால் சிறிய அளவே போதும். ஆயினும், காகிதப் படம் ஆண்டுதோறும் மங்கிக்கொண்டே செல்கிறது. இன்று விட்ட நுணுக்கத்தை இருபது ஆண்டுகளுக்குப் பின் அக்காகிதத்தில் இருந்து பெற இயலாமல் போகலாம். ஆகவே, பெரிய அளவில் வருடிய முதற்படத்தைத் தொடாமல் காத்து, செப்பனிடும் பணியை அதன் படியில் செய்வதே அறிவுடைமை.

பொறுப்பு யாருடையது?

பிள்ளைகளை மட்டும் குறைகூறுவது முறையன்று. 'ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது' என்னும் செய்தியைப் படிப்பவருக்கு எது நிரம்பியது, எதை அழிக்கலாம், எதை அழிக்கக்கூடாது என்பது விளங்குவதில்லை. 'உங்கள் படங்களை அழிக்க வேண்டியதில்லை. தற்காலிகக் கோப்புகளை இவ்வாறு நீக்குங்கள்' என்று ஒரு வரி சேர்ப்பது மென்பொருள் ஆக்குவோருக்கு அரிய செயலன்று. அவ்வரியைத் தமிழ், இந்தி, வங்காளம் முதலிய நம் மொழிகளிலும் தருவது இன்னும் சிறப்பு. கணினிப் பாடத்தில் மென்பொருளைத் திறக்கக் கற்பிக்கும் பள்ளிகள், முறையாக மூடவும் களத்தைப் பெருக்கவும் கற்பிக்கவேண்டும்.

அதுவரை இப்பொறுப்பு நம்முடையதே. நம் வீடுகளில் ஊரைக் காட்டும் சான்றுகள் மிகுதியாக இல்லை. பாட்டியின் கையில் இருந்த வளையலும், வாசலில் இருந்த வேப்பமரமும் சில படங்களில் மட்டுமே காணக் கிடைக்கின்றன. அடுத்த முறை அச்செய்தி திரையில் தோன்றும்போது, சுட்டியில் இருந்து கையை எடுத்துவிட்டு, இது களமா, களஞ்சியமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். விடை தெரியவில்லையெனில், தெரியும்வரை எதையும் அழிக்காதீர்கள்.

சிந்தித்து எழுதுக

1. களம், களஞ்சியம் ஆகியவற்றைக் கணினியின் எப்பகுதிகளோடு ஆசிரியர் ஒப்பிடுகிறார்? அவ்வொப்புமை எவ்வகையில் பொருந்துகிறது?

2. எட்டு அங்குல நீளமும் ஆறு அங்குல அகலமும் கொண்ட படத்தை அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்ற அளவில் வண்ணத்தில் வருடினால், திறந்த நிலையில் எவ்வளவு இடம் தேவைப்படும்? கணக்கிட்டு எழுதுக.

3. 'பெரிய வன்தட்டு வாங்குவதே சிறந்த வழி' என்னும் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணங்களுடன் ஒரு பத்தி எழுதுக.

4. உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய புகைப்படம் எது? அதில் இருப்போர் யாவர், அது எவ்வூரில் எடுக்கப்பட்டது என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.