காளானால் போன அரை மதிப்பெண்

போன வாரம் நாலாம் வகுப்புப் பேத்தியின் தேர்வுத் தாள் வந்தது. பூக்காத தாவரங்கள் இரண்டு எழுதச் சொன்னதற்கு 'பெரணி, காளான்' என்று எழுதியிருக்கிறாள். காளானுக்கு மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. "நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க தாத்தா? இனிமே உங்ககிட்ட கேக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சொல்லிக் கொடுத்தது நான்தான். நம் வயதுக்காரர்கள் படித்தபோது பாசி, காளான், பெரணி எல்லாமே பூவாத் தாவரங்கள். 1969-ல் விட்டேக்கர் என்ற அமெரிக்க அறிவியலாளர் உயிர்களை ஐந்து பெரும் பிரிவுகளாக்கி, காளானைத் தனியே எடுத்து வைத்தார். அதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டே வந்துவிட்டேன்.

அரை மதிப்பெண் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே என்பதுதான் ஆதங்கம். இன்ன காரணத்தால் இது இந்த இனம் என்று சொல்லாமல் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால், பட்டியல் மாறும்போது பிள்ளையும் என்னைப்போல முழிக்கத்தானே செய்யும்? தொல்காப்பியர் மரபியலில் காரணத்தோடுதான் பிரித்தார். வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே பாய்ந்தது மரம். அந்தக் கணக்கில் நம் மாநில மரமான பனை, புல்! இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்கிறது.

சாயங்காலம் அவளைச் சமாதானப்படுத்திக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். பூந்தமல்லியில் மல்லிகை இல்லாத வீடு உண்டா? அதன் இலையைக் காட்டி, "இதுதான் இந்தச் செடியோட அடுப்பங்கரை" என்றேன். வேர் அனுப்புகிற தண்ணீர், இலைத்துளை வழியே வரும் கரியமில வாயு, வெயில். இந்த மூன்றையும் வைத்துப் பச்சையம் சர்க்கரை சமைக்கிறது. உரம் உப்பு மாதிரி. அதுவே சாப்பாடு ஆகாது. புல்மேல் பத்து நாளாகக் கிடந்த செங்கல்லைப் புரட்டினாள். அடியில் இருந்த புல் வெளிறி மஞ்சளாகியிருந்தது. பக்கத்தில் மக்கிப்போன முருங்கைக் கட்டையில் காளான். பச்சையம் கிடையாது, சமையலும் கிடையாது. கட்டையைக் கரைத்து உறிஞ்சிப் பிழைக்கிறது. அதன் செல் சுவரில் இருக்கும் கைட்டின்தான் இறால் ஓட்டிலும் இருக்கிறது என்றதும் முகத்தைச் சுளித்தாள்.

இந்த அரைமணி நேரத்துக்கு ஆய்வுக்கூடமோ பணமோ வேண்டாம். வகுப்புக்கு வெளியே ஒரு வேப்பமரமும் ஒரு செங்கல்லும் போதும். தேர்வுக்கு முன்னால் ஆசிரியர்கள் ஒரு பீரியடை இதற்கு ஒதுக்க வேண்டும். வீட்டில் சொல்லிக் கொடுக்கும் நாமும் புதுப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிட்டு உட்கார வேண்டும்.

இரவு படுக்கும்போது பேத்தி திரும்ப வந்தாள். "தாத்தா, வேலி மேல மஞ்சள் நூல் மாதிரி படருதே அம்மையார் கூந்தல், அதுலயும் பச்சை இல்லையே. அப்ப அது காளானா?"

அது பூக்கும், விதை விடும், சர்க்கரைவள்ளிக்குச் சொந்தக்காரச் செடி. அடுத்தவர் சமையலில் உட்கார்ந்து சாப்பிட்டே தன் பச்சையைத் தொலைத்தது. இதைச் சொல்ல எனக்கு மறுநாள் காலை வரை ஆயிற்று. புத்தகம் பார்க்காமல் இனி வாயைத் திறப்பதாக இல்லை.