வால்வு மாறினால் போதுமா?

ஓசூர் சாலையில் சந்தாபுரா சர்க்கிளைக் கடந்து போகும் டிரெய்லர் லாரிகளை நம் சங்க அன்பர்கள் தினமும் பார்க்கிறார்கள். இரும்புச் சுருளும் கண்டெய்னரும் ஏற்றிக்கொண்டு, பொம்மசந்திரா பக்கமிருந்து வந்து, அத்திப்பள்ளியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற வண்டிகள். ஓட்டுகிறவர்களில் சங்ககிரிக்காரர்களும் நாமக்கல்காரர்களும் நிறைய உண்டு. பொங்கலுக்கு நாம் குடும்பத்தோடு சேலம், மதுரை என்று கிளம்பும்போது, தொப்பூர் கணவாயில் நமக்குப் பின்னால் இறங்கி வருபவையும் இவையே. எனவே அவற்றின் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட நமக்கும் உரிமை இருக்கிறது.

டிரெய்லருக்குக் காற்றை அனுப்பும் கன்ட்ரோல் வால்வு பழுதானால் பட்டறைகளில் என்ன நடக்கிறது? கம்பெனி போட்ட வால்வைக் கழற்றிவிட்டுச் சந்தையில் கிடைக்கும் வேறொன்றை மாட்டுகிறார்கள். சோப்பு நுரை தடவிக் காற்று ஒழுகவில்லை என்று பார்த்துக்கொள்கிறார்கள். வண்டி கிளம்பிவிடுகிறது. வெளிச்சந்தை வால்வு என்றாலே மட்டம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. நல்ல சாமான் வெளியிலும் உண்டு; ஓடிக் களைத்த கம்பெனி வால்வைவிடப் புதிய வெளி வால்வு மேல் என்றும் சொல்வேன். என் ஆட்சேபம் சோப்பு நுரையோடு சோதனை முடிந்துவிடுவதில்தான்.

அந்த வால்வு செய்யும் வேலையைச் சற்று விளக்கிவிடுகிறேன். முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் நடுவில் இரண்டு காற்றுக் குழாய்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புத் தலை உள்ளது பின்வண்டியின் காற்றுத் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கும். அது அறுந்தால் பின்வண்டியின் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். (காற்றுக் குறைந்தால் பிரேக் பிடிக்க வேண்டும் என்ற இந்த யோசனை, ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் ரயிலுக்காகக் கண்டது. லாரிக்காரர்கள் வாயில் புழங்கும் ‘வாப்கோ’ அவருடைய கம்பெனிப் பெயரின் சுருக்கம்.) மஞ்சள் தலை உள்ளது கட்டளைக் குழாய். டிரைவர் பெடலை மிதித்ததும், எவ்வளவு காற்று, எவ்வளவு சீக்கிரம் பின்னால் போக வேண்டும் என்று தீர்மானித்து இந்தக் குழாய் வழியே அனுப்புவது கன்ட்ரோல் வால்வு.

விஷயம் இந்த ‘எவ்வளவு’ என்பதில் இருக்கிறது. பின்வண்டி ஒரு கணம் முந்திப் பிடித்தால் முன்வண்டியைப் பின்னுக்கு இழுத்து நேராக வைத்திருக்கும். பிந்தினால் முப்பது நாற்பது டன் எடையும் முன்வண்டியின் முதுகில் சாயும். ஈரச் சாலையிலோ வளைவிலோ இரண்டும் பேனாக்கத்தி போல மடிந்துகொள்ளும். அளவுக்கு மீறி முந்தினாலும் ஆபத்துதான். பின்வண்டி டயர் பூட்டிக்கொண்டு வால் வீசும். இறக்கத்தில் வேலை முழுவதையும் பின்வண்டி டிரம்களே செய்து, சூடேறி, பிடிப்பை இழக்கும். இதற்காகச் சில வால்வுகளில் பின்வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் கொடுக்கத் திருகு ஒன்று வைத்திருப்பார்கள். கம்பெனியில் வண்டிக்கு ஏற்றபடி அதை வைத்து அனுப்புகிறார்கள். புதிய வால்வில் அந்தத் திருகு எந்த நிலையில் இருக்கிறதோ, திருகே இல்லையோ, மரை பொருந்துகிறதே என்று மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?

இப்போது வரும் கனரக லாரிகளில் ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். முன்வண்டி எவ்வளவு, பின்வண்டி எவ்வளவு என்ற பங்கீட்டைத் திருத்துவது அதன் வேலையன்று.

ரயில்வேயில் இந்தப் பாடம் எங்களுக்குப் பழையது. பயணி வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் பிரேக் குழாயில் அழுத்தம் ஒன்றுதான், சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. ஆனால் பிரேக் சிலிண்டர் நிரம்பும் நேரம் வேறு. பயணிப் பெட்டியில் 3 முதல் 5 விநாடி. சரக்கு வாகனில் 18 முதல் 30 விநாடி. நீளமான சரக்கு வண்டியில் முன் வாகன்கள் சட்டென்று பிடித்துவிட்டால், செய்தி இன்னும் போய்ச் சேராத பின் வாகன்கள் வந்து இடிக்கும் என்பதால் வேண்டுமென்றே நிதானமாக்கி வைத்திருக்கிறார்கள். வெளிப்பார்வைக்கு எல்லாம் வால்வுதான். உள்ளே இருக்கும் துளையின் அளவில் இவ்வளவு சங்கதி. அதனால்தான் பழுது பார்த்த வால்வு ஒவ்வொன்றும் சோதனை மேடையில் ஏறி இறங்கிய பிறகே வண்டிக்குப் போகும். வண்டி கோத்த பின் கடைசி வாகன் வரை காற்று போகிறதா என்று பார்த்து, பிரேக் பவர் சான்றிதழ் எழுதி, டிரைவரும் கார்டும் கையெழுத்துப் போடுவார்கள். (கார்டு 2022 முதல் ‘டிரெயின் மேனேஜர்’ ஆகிவிட்டார். சான்றிதழ் மாறவில்லை.)

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் பிக்கப் வண்டியில் படகையும் கூடார வண்டியையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே சிறு டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் மின்சார பிரேக். டாஷ்போர்டில் ஒரு சிறு பெட்டி அதற்கு மின்சாரம் அனுப்புகிறது. வண்டியோடு வரும் பெட்டி, வண்டியின் பிரேக் அழுத்தத்தையே பார்த்து வேலை செய்யும். வெளியில் வாங்கி மாட்டும் பெட்டிகளில் பல, வேகம் குறைவதைத் தாமே உணர்ந்து அதற்கேற்ப மின்சாரம் அனுப்புபவை. மாற்றுவது அங்கேயும் சாதாரணம். ஆனால் டிரெய்லரைக் கோத்து, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே அளவை வைத்துக்கொள்ளச் சொல்லும் குறிப்பு பெட்டியோடு கூடவே வருகிறது. படகு இழுப்பவனுக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, இரும்பு இழுப்பவனுக்கு வேண்டாமா?

நம் சட்டத்தில் இதற்கு இடுக்கு இருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பிரேக் வால்வு ஆர்.சி.யில் ஏறுவதில்லை. எஃப்.சி.யோ, எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அதன்பின் வருடம் ஒரு முறை. நடுவில் மாற்றிய வால்வை ஒருவரும் பார்ப்பதில்லை. தொப்பூரில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் லாரிகள் முன்னால் இருந்த வாகனங்கள் மீது மோதி உயிர்கள் போயின. அவற்றுக்குக் காரணம் வால்வு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட இறக்கத்தில் பிரேக்கின் பங்கீடு தவறியிருந்தால் டிரைவரின் கைத்திறனுக்கு மிச்சம் என்ன இருக்கும்? விபத்து நடந்தால் வழக்கு அவர் பேரில்தான். வால்வு மாற்றியவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

வண்டி நின்றால் வாடகை போகும், நேரமில்லை என்கிறார்கள் முதலாளிகள். நான் கேட்பது அரை மணி நேர வேலை. சக்கரத்துக்குக் கட்டை வைத்துச் சிவப்புக் குழாயைக் கழற்ற வேண்டும். பின்வண்டி பிரேக் உடனே பிடிக்க வேண்டும். பிறகு ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டி, டிரெய்லர் ஹேண்ட் வால்வு இருந்தால் அதை மட்டும் இழுக்க வேண்டும். பின்வண்டி குலுக்காமல் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். அடுத்து 30 கிலோமீட்டர் வேகத்தில் பெடல். பின்னாலிருந்து தள்ளல் வரக்கூடாது. காலி டிரெய்லரில் பார்த்துத் திருப்திப்பட்டுப் பயனில்லை, லோடோடு பார்க்க வேண்டும். நாலைந்து கிலோமீட்டர் போய் நிறுத்தி, டிரம்மைத் தொடாமல் பக்கத்தில் கையைக் காட்டினாலே எந்தப் பக்கம் அதிகம் உழைத்தது என்று அனல் சொல்லிவிடும். பிறகு பில்லில் வால்வின் தயாரிப்பு, எண், சோதித்தவர் கையெழுத்து மூன்றும் ஏற வேண்டும். டிரைவர் அதன் நகலை வண்டியிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

சங்கத்தில் லாரி வைத்திருக்கும் அன்பர்களும் பட்டறை நடத்தும் அன்பர்களும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினால் நான் வரத் தயார். குறுக்கே அறுத்து உள்ளமைப்புத் தெரியும்படி செய்த பழைய வால்வு ஒன்று வீட்டில் வைத்திருக்கிறேன், அதையும் கொண்டுவருகிறேன்.