கூட்டம் விரும்பாதார் கீழ்த்திசைச் செலவு

விடுமுறை என்றவுடன் மாணாக்கர் உள்ளம் ஊர்விட்டு ஊர் செல்ல விழைதல் இயல்பே. முன்னாளில் அவ்விழைவு குற்றாலத்தோடும் கோடைக்கானலோடும் அமைந்து நின்றது. இந்நாளிலோ கடல் கடந்து ஜப்பானையும் கொரியாவையும் தைவானையும் காண விரும்புவோர் நம் நடுத்தரக் குடும்பங்களிலும் பலராயினர். அவருள் ஒரு சாரார், "எமக்கு மாநகர நெருக்கம் ஒவ்வாது, கீழ்த்திசை நாடுகளோ மக்கள் மொய்த்தவை, யாம் செல்லத்தக்க இடம் யாது?" என்று வினவுகின்றனர். அவ்வினாவிற்கு எம்மால் இயன்ற விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா திருமுல்லைவாயிலினின்று எழுவதில் வியப்பில்லை. தொண்டைமான் ஏறிவந்த யானையின் காலை முல்லைக்கொடி பிணித்ததென்றும், அக்கொடியை அவன் வாளால் வெட்டியபோது மாசிலாமணி ஈசர் வெளிப்பட்டனரென்றும் இவ்வூர்த் தலவரலாறு கூறும். சுந்தரமூர்த்தி நாயனார் பாடல் பெற்ற பழம்பதி இது. 1856ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்று வாலாஜா சாலை வரையில் ஓடிய தென்னாட்டின் முதற் புகைவண்டி இவ்வழியே சென்றது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் தோன்றின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சியாயிற்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட முல்லைவாயில், பெயரளவில் முல்லையாகவும் வாழ்வளவில் நகரமாகவும் ஆகிவிட்டது. காலை வேளையில் மின்சார இரயிலில் கால் ஊன்ற இடம் பெறுவோன் பேறு பெற்றவனே. ஆண்டு முழுவதும் இந்நெருக்கத்தில் உழல்வோர், சேர்த்துவைத்த பொருளைச் செலவிட்டு மற்றுமொரு நெருக்கத்தைக் காணச் செல்ல விரும்பாமை நியாயமே.

கீழ்த்திசையும் இப்பொழுது நமக்கு அயலன்று. பூவிருந்தவல்லியைக் கடந்து திருப்பெரும்புதூர்ச் சாலையிற் செல்வோர், 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் நடைபெற்றுவரும் கொரிய மோட்டார் வண்டித் தொழிற்சாலையைக் காண்பர். அந்நாட்டார் தொழில் கருதி நம்மிடம் வருவதும், நம்மவர் ஓய்வு கருதி அவர்பால் செல்வதும் இயல்பாய்விட்டன. ஆகவே எங்குச் செல்வது என்பதனைச் சிறிது ஆராய்ந்து துணிதல் நலம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். நெருக்கம் என்பது ஒரு நாட்டின் இயல்பென்று பலர் எண்ணுகின்றனர். டோக்கியோவும் அதனைச் சூழ்ந்த நகரங்களும் சேர்ந்து மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மக்களைத் தாங்குகின்றன என்பது உண்மையே. ஆயினும் அந்நாட்டின் பெரும்பகுதி மலையும் காடுமேயாம். ஹாங்காங்கின் பெயரைக் கேட்டவுடன் வானளாவிய மாடங்களும் தோளுரசும் தெருக்களுமே நம் மனக்கண் முன் நிற்கும். அதன் நிலப்பரப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு இயற்கைப் பூங்காக்களாகக் காக்கப்படுகின்றது என்பதனை அறிந்தோர் சிலரே. அதற்குரிய சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. 1979இல் திறக்கப்பெற்ற ஒரு நடைவழி, கிழக்கே சாய்குங் கடற்கரையிலிருந்து மேற்கே குன்றுகளின்மீது 100 கிலோமீட்டர் செல்கின்றது. மாடமாளிகைகளினின்று ஒரு மணி நேரத் தொலைவில், அலையோசையன்றி வேறோசை கேளாத மணற்பரப்பு உண்டு. ஆதலின் நாட்டின் பெயரைக் கொண்டு தெரிவு செய்வோன் ஏமாறுவான் என்பது எம் கருத்து.

பின் எதனைக் கொண்டு தெரிவு செய்வது? காலத்தைக் கொண்டு என்போம். கூட்டம் என்பது ஓரிடத்தில் நிலையாய் இருப்பதன்று, நாள்பார்த்து வருவது. ஜப்பானில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை பல விடுமுறைகள் அடுத்தடுத்து வருகின்றன. அந்நாட்களில் அந்நாட்டாரே திரள்திரளாகப் புறப்படுவர். வண்டிகளில் இடமிராது, விடுதிகளின் வாடகையும் ஏறிநிற்கும். ஆகஸ்டு நடுவில் முன்னோரை வழிபடும் விழாக்காலமும், ஆண்டுப் பிறப்பும் அத்தகையனவே. சீனத்தில் மே முதல் நாளையொட்டியும் அக்டோபர் முதல் வாரத்திலும் விடுமுறை வருதலால், அண்டை நாடுகளிலும் அந்நாட்களில் கூட்டம் பெருகும். நம் பள்ளிகளும் கல்லூரிகளும் ஏப்ரல் இறுதியில் மூடப்பெற்றவுடனே பயணம் புறப்படுவோர், அறியாமலே இப்பெருந்திரளின் நடுவிற் சென்று விழுகின்றனர். பத்து நாள் பொறுத்து மே இரண்டாம் வாரத்திற் சென்றால், அதே இடம் அமைதியாக இருக்கும். ஜூன் முற்பகுதியில் அந்நாட்டின் பெரும்பகுதியில் மழைக்காலம் தொடங்குமாதலின், அதற்கு முன்னரே திரும்பிவிடுதல் நன்று. முல்லைவாயிலில் வெயில் அனல் வீசும் அந்நாட்களில் அங்குக் காற்று மென்மையாக இருக்கும்.

காலத்தை அடுத்துக் கருதத்தக்கது இரவு. கியோட்டோவிலிருந்தும் ஒஸாக்காவிலிருந்தும் நாரா என்னும் பழந்தலைநகருக்கு நாள்தோறும் எண்ணிறந்தோர் வருகின்றனர். கி.பி. 752இல் அங்குள்ள பெரும் புத்தர் திருவுருவிற்குக் கண் திறக்கும் சடங்கினை நடத்தியவர் நம் பாரத நாட்டுத் துறவி போதிசேனர். அவ்வுருவைக் காண வருவோருட் பெரும்பாலார் மாலையிலேயே திரும்பிவிடுகின்றனர். அவ்வூரிலேயே இரவு தங்குவோன், அந்தியிலும் வைகறையிலும் மான்கள் உலவும் புல்வெளிகளை ஏறக்குறையத் தனக்கே உரியனவாகப் பெறுகின்றான். பிறர் பகலில் வந்து மீளும் ஊரில் நாம் இரவு தங்குதல் கூட்டத்தைத் தவிர்க்கும் எளிய வழியாம்.

இனி ஓரிடத்தைக் குறித்துக் கூறுக என்பார்க்கு, யாம் ஷிக்கோக்கு என்னும் தீவினைக் கூறுவோம். நான்கு நாடுகள் என்பது அப்பெயரின் பொருள். 1988இல் திறக்கப்பெற்ற பெரும்பாலத்தின்மேல் ஒக்கயாமாவிலிருந்து புகைவண்டியிலேயே கடல் கடந்து அங்குச் சேரலாம். கூக்காய் என்னும் பெருந்துறவியின் (கி.பி. 774–835) நினைவோடு பிணைந்த 88 கோயில்களைச் சுற்றிவரும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் யாத்திரை வழி அத்தீவினை வளைந்து செல்கின்றது. முழுவதும் நடப்போர்க்கு நாற்பது நாளுக்கு மேலாகும். ஆயினும் ஒரு பகுதியை மட்டும் நடந்து திரும்புவதும் அங்கு முறையே. யாத்திரிகருக்கு அவ்வூரார் பழமும் தேநீரும் கொடுத்து உபசரிப்பர். பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்து செல்வோர்க்குத் தண்ணீர்ப்பந்தல் வைக்கும் நம்மவர்க்கு இவ்வழக்கம் புதிதாகத் தோன்றாது. தீவின் நடுவே இயா என்னும் ஆழ்ந்த பள்ளத்தாக்கில் கொடிகளாற் பின்னிய தொங்குபாலம் ஒன்று உண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை அதனைப் புதிதாகப் பின்னுகின்றனர். முல்லைக்கொடியாற் பெயர் பெற்ற ஊரினர் அதனை ஆர்வத்தோடு காண்பரென்பது உறுதி.

இடர்களையும் மறைத்தல் ஆகாது. அம்மலையூர்களுக்குப் பேருந்துகள் மிகச் சிலவே. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பல மணி காத்திருக்க நேரும். நேர அட்டவணையை முன்னரே குறித்துக்கொள்ளாதவன் இன்னலுறுவான். புலால் உண்ணாதார்க்கு மற்றுமொரு தடை உண்டு. காய்கறி உணவென்று தருவதிலும் உலர்ந்த மீன் சேர்த்துக் காய்ச்சிய சாறு கலந்திருத்தல் அங்குப் பெருவழக்கு. அத்தகையோர், கூக்காய் கி.பி. 816இல் நிறுவிய கோயாமலைக்குச் செல்லலாம். அம்மலை ஒஸாக்காவிற்குத் தெற்கே உள்ளது. அங்கு ஏறக்குறைய ஐம்பது மடங்கள் வழிப்போக்கர்க்குத் தங்க இடமும் துறவியர் உண்ணும் மரக்கறி உணவும் அளிக்கின்றன. கொரியாவிலும் 2002 முதல் பௌத்த மடங்களில் விருந்தினராகத் தங்கும் ஏற்பாடு உண்டு. கி.பி. 802இல் எழுந்த ஹேயின்சா மடத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருமறை முழுவதையும் செதுக்கிய 81,258 மரப்பலகைகள் இன்றும் காக்கப்பெறுகின்றன. அம்மடம் கயாமலையின் மரச்செறிவினுள் உள்ளது.

முதியோரை உடன் அழைத்துச் செல்வோர்க்குத் தைவானின் கீழ்க்கரை ஏற்றது. அந்நாட்டு மக்கள் 2 கோடியே 30 இலட்சத்தவரில் பெரும்பாலார் மேற்குச் சமவெளியில் வாழ்கின்றனர். மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் பல நிறைந்த மலைத்தொடர் இடையே நிற்றலால் கிழக்கு அமைதியாக உள்ளது. இருமலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் நெல்வயல்களினூடே புகைவண்டி செல்வதனால் நடக்கும் வருத்தம் மிகுதியில்லை. மரக்கறி உணவும் அந்நாட்டில் எளிதிற் கிடைக்கும். ஆனால் 2024 ஏப்ரல் 3ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தால் அக்கரையின் புகழ்பெற்ற தாரோக்கோ மலையிடுக்கு பெருஞ்சேதமுற்று மூடப்பட்டது. செல்வோர் எவ்வழி திறந்துள்ளதென்பதனை விசாரித்தறிந்தே செல்லவேண்டும்.

இத்துணையும் இடங்களைப் பற்றியது. யாம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. நாம் தேடிச் செல்லும் அமைதிக்கும் ஒரு காரணம் உண்டு. மேற்கூறிய இயா பள்ளத்தாக்கில் நகோரோ என்றொரு சிற்றூர் உளது. இளைஞர் யாவரும் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றுவிட்டமையால் முப்பதுபேர் தாமும் அங்கு எஞ்சவில்லை. ஊருக்குத் திரும்பி வந்த மூதாட்டி ஒருவர், நீங்கினோர்க்கும் இறந்தோர்க்கும் ஈடாக வைக்கோலும் துணியும் கொண்டு ஆளுருவப் பொம்மைகள் செய்து வயலிலும் வாயிலிலும் அமர்த்தினார். இப்பொழுது அவ்வூரில் மக்களினும் பொம்மைகளே பல. 2012இல் மூடப்பெற்ற பள்ளிக்கூடத்திலும் பொம்மைப் பிள்ளைகளே பாடங் கேட்கின்றன. அங்கு நிலவும் அமைதி, பிள்ளைகள் இல்லாத வீட்டின் அமைதியாகும்.

இதனை எண்ணிப் பார்க்குங்கால் நம்மூர் நெருக்கத்தின் பொருளும் ஒருவாறு விளங்கும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் வாயிலில் காலையில் திரளும் மக்கள் யாவர்? விழுப்புரத்தினின்றும் இராமநாதபுரத்தினின்றும் ஒரிசாவினின்றும் பீகாரினின்றும் தம் ஊரைவிட்டு வந்தோரல்லரோ? இங்கு நாம் சலித்துக்கொள்ளும் கூட்டம் அங்கு ஓர் ஊரின் வெறுமையாக நிற்கின்றது. கூட்டத்தை வெறுத்தல் குற்றமன்று; உடலும் உள்ளமும் ஓய்வு வேண்டுதல் இயற்கையே. ஆயின் அவ்வெறுப்பு மக்களை வெறுப்பதாக மாறுமாயின், எத்தீவிற்குச் சென்றும் பயனில்லை. வெறுமையுற்ற சிற்றூருக்குச் செல்வோன் அங்குள்ளாரோடு சிறிது அளவளாவி, அவ்வூர் விடுதியில் தங்கி, அவ்வூர்க் கடையில் பொருள் வாங்குவானாயின் அவனது வருகை அவர்க்கும் நலமாம். நிழற்படம் எடுத்துக்கொண்டு அன்றே வண்டியேறுவோனால் அவர்க்கு விளைவது யாதுமில்லை.

கூட்டமாய்ச் செல்வோர் விளைக்கும் தீங்கினை அந்நாட்டார் நன்கறிவர். 2024இல் மட்டும் 3 கோடியே 68 இலட்சத்துக்கு மேற்பட்ட அயல்நாட்டார் ஜப்பானுக்கு வந்தனர். அவ்வாண்டிலேயே கியோட்டோவின் கியோன் பகுதியில், தனியார்க்குரிய சிறுதெருக்களில் வருவோர் புகுதல் தடுக்கப்பட்டது. ஸியோல் நகரின் புக்சோன் என்னும் பழங்குடியிருப்பில், காலை 10 மணிக்கு முன்னும் மாலை 5 மணிக்குப் பின்னும் பயணிகள் உலவலாகாதென 2024 நவம்பரில் விதி வகுத்தனர். 2025 மார்ச்சு முதல் மீறுவோர்க்குத் தண்டமும் விதித்தனர். தம் வீட்டு வாயிலில் அயலார் நின்று கூச்சலிடுவதனைப் பொறாத மக்கள் அவர்கள். நம் வீதியில் அங்ஙனம் நேர்ந்தால் நாமும் பொறுப்போமல்லேம். நெருக்கத்தின் துன்பத்தை ஆண்டு முழுவதும் நுகர்ந்தறிந்த நாம், அதனைப் பிறர்க்கு விளையாதிருத்தலில் முற்பட்டு நிற்றல் தகும்.

ஆதலின் கீழ்த்திசை செல்லக் கருதும் நண்பர்க்கு எம் கருத்து இதுவே. நாட்டின் பெயரை நோக்கி அஞ்சவேண்டா. நாட்காட்டியை நோக்கித் துணிக. பல நகரங்களை ஓடிக் காண்பதனை விடுத்து, ஒரு சிறு நிலப்பகுதியில் பல நாள் தங்குக. நால்வர்க்கு மேற்படாத சிறு குழுவாகச் செல்க. அவர் மொழியில் வணக்கமும் நன்றியும் கூறக் கற்றுக்கொண்டு செல்க. பெரும்பொருள் செலவிட இயலாத மாணாக்கர் இவ்விதிகளைக் கொண்டே நம் நாட்டிலும் ஓர் அமைதியான இடத்தைத் தெரிந்துகொள்ளலாம். ஏலகிரியும் சவ்வாதுமலையும் வார நாட்களில் அவர்க்கு இடங்கொடுக்கும். எங்குச் செல்லினும், அவ்வூரார் மறுமுறையும் நம்மை வருக என்று அழைக்கத்தக்கவாறு நடந்துகொள்வோமாக.