மனந்திரும்புதலும் கல்லறைத் தோட்டத்து வாயிலும்

பாவம் என்னும் சொல்லை நம் சபையார் கேளாத ஞாயிறு இல்லை. பிரசங்க பீடத்தினின்றும், ஜெபக் கூட்டத்தினின்றும், கீர்த்தனைப் புத்தகத்தினின்றும் அது நம் செவியில் விழுந்துகொண்டே இருக்கின்றது. ஆயினும் எதனைப் பாவமென்று எண்ணுகின்றோம், எதனை எண்ணாது விடுகின்றோம் என ஆராய்வார் சிலரே. அவ்வாராய்ச்சிக்கு யான் வந்தது நூல் கற்றதனால் அன்று, நாணத்தினால்.

என் ஊர் ஆரணியை அடுத்த படவேடு. எங்கள் பக்கத்துச் சபையொன்றில் (அதன் பெயர் ஈண்டு வேண்டா) என் பதினேழாம் வயதில் எழுப்புதல் கூட்டங்கள் மூன்று நாள் நடைபெற்றன. மூன்றாம் இரவு பாவ அறிக்கை செய்ய அழைத்தபொழுது யானும் எழுந்து நின்றேன். அன்னையிடம் பொய் கூறிச் சினிமாவுக்குச் சென்றதையும், பரீட்சையில் அடுத்தவன் தாளைப் பார்த்து எழுதியதையும், தம்பியை அடித்ததையும் சொல்லி அழுதேன். வீடு திரும்புகையில் என் நெஞ்சம் பஞ்சுபோல் இலேசாயிருந்தது.

அதே வாரத்தில், அச்சபையின் ஆலயத்தைப் பல்லாண்டு பெருக்கி வந்த மூதாட்டி ஒருவர் இறந்தார். அங்குள்ள கல்லறைத் தோட்டத்திற்கு வாயில் இரண்டு. பெருஞ்சாலைப் பக்கத்தது ஒன்று. வயல் வரப்பின் பக்கத்தது மற்றொன்று. மழை பெய்து சேறாகிக் கிடந்த வரப்பின் வழியே அம்மூதாட்டியின் பிரேதத்தைச் சுமந்து வந்தனர். யான் சாலைப்பக்கத்து வாயிலில் குடை பிடித்து நின்று, அடக்க ஆராதனைப் பாட்டை மற்றையோருடன் உரக்கப் பாடினேன். அவர்களை எவரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டியதும் இல்லை. யார் எவ்வாயிலால் வருவரென்பது அனைவரும் அறிந்ததே. மூன்று நாள் கண்ணீர் சிந்திய எனக்கு அன்று ஒரு துளியும் உறுத்தவில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழிந்த பின்னரே அதுவும் பாவமாயிருக்கக்கூடும் என்னும் எண்ணம் பிறந்தது.

தனியொருவன் செய்த குற்றத்தைத் தனியொருவன் அறிக்கையிடுதல் எளிது. எல்லாரும் சேர்ந்து செய்வதும், எவரும் தொடங்கியதாகத் தோன்றாததுமாகிய பாவத்தை யார் எழுந்து அறிக்கையிடுவார்? அது பாவமென்னும் பெயரையே இழந்து, வழக்கம் என்னும் பெயரைப் பெற்றுவிடுகின்றது.

நம் மொழியும் இம்மயக்கத்திற்குச் சிறிது இடந்தருகின்றது. பரிசுத்தம் என்னுங்கால் நம்மவர் உள்ளம் சுத்தத்தையும், சுத்தம் என்னுங்கால் தீட்டையும் நினைக்கின்றது. எபிரெய மொழியில் பரிசுத்தம் குறிக்குஞ் சொல்லுக்குத் தனியே பிரித்து வைக்கப்பட்டது என்னும் பொருளுண்டு. பிரித்து வைத்தலில் நாம் நெடுங்காலம் பழகியவர்களாதலின் அப்பொருளை மிக விரைவிற் கற்றுக்கொண்டோம்! தேவனுக்கென்று பிரிக்கப்படுதலை அயலானினின்று பிரிந்து நிற்றலாகக் கொண்டோம். குஷ்டரோகியைக் கைநீட்டித் தொட்டவரின் பரிசுத்தம் எவ்வகையது என்று எண்ணிப் பார்த்தோமில்லை.

மனந்திரும்புதல் என்னுஞ் சொல்லோ அழகியது. கிரேக்கச் சொல் மனம் மாறுதலைக் குறிக்கும். எபிரெயச் சொல் வந்த வழியே திரும்புதலைக் குறிக்கும். தமிழ்ச் சொல்லில் மனமும் உண்டு, திரும்புதலும் உண்டு. கத்தோலிக்கரின் திருவிவிலியம் மனம் மாறுதல் என்று எழுதுகின்றது. அதுவும் நன்றே, எனினும் பழைய சொல்லை விட எனக்கு மனமில்லை. மாறுதல் இருந்த இடத்திலேயே நிகழக்கூடும். திரும்புதலுக்குக் கால் வேண்டும்.

எங்கள் எதிர்வீட்டார் பட்டுத்தறி நெய்பவர். ஒருநாள் அவர் தறியில் ஒரு சாணளவு நெய்தாயிற்று; அதன்பின்பே புட்டாவில் ஒரு பிழை கண்டார். பிழை செய்தவர் அவரல்லர். காலையில் தறியில் அமர்ந்திருந்த அவர் மகன். அவர் மகனையும் வையவில்லை, தமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்லவுமில்லை. ஊடையிழைகளை ஒவ்வொன்றாய்ப் பின்னோக்கிப் பிரிக்கத் தொடங்கினார். அன்று மாலைவரை அத்தறியில் சேலை வளரவில்லை, குறைந்தது. அவர் கிறிஸ்தவரல்லர். ஆயினும் சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்த பகுதியைப் படிக்கும்போதெல்லாம் அவர் விரல்களே எனக்கு நினைவுக்கு வருகின்றன.

நம் திருச்சபையில் இவ்வாறு பின்னோக்கிப் பிரித்தவர் இல்லாமலில்லை. கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833-இல் தென்னிந்திய மிஷனெரிமார்க்கு எழுதிய நிருபத்தில், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே முற்றும் ஒழித்தல் வேண்டுமென்று கட்டளையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு நீங்கினர். சாதி வழக்கத்தின் பக்கம் நின்று எழுதியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் அவர் புலமையை வியக்கின்றேன். ஆலயத்தில் அவர் கீர்த்தனைகளை உருகிப் பாடுகின்றேன். அத்தகைய பக்தருக்கும் இது பாவமெனத் தோன்றவில்லை என்பதே என்னை அஞ்சச் செய்கின்றது.

நெல்லைநாட்டு வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய ஆலயத்திற்கு மண்டபம் இரண்டு, பீடம் ஒன்று. இரு சாராரும் ஒருவரையொருவர் காணாது ஒரே பலியைக் காண நடுவே சுவர் எழுப்பியிருந்தனர். 1910-இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடிப்பித்தார். சுவரை வேண்டினோர் நீதிமன்றம் ஏறினர், தோற்றனர். 1745-இல் ஞானஸ்நானம் பெற்று 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊரும் இதுவே.

எங்கள் ஆரணிப் பக்கத்துக்கு நற்செய்தி கொண்டுவந்த ஆர்க்காட்டு மிஷனை 1853-இல் நிறுவிய ஸ்கடர் சகோதரர் மூவரும் அமெரிக்காவின் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர். அதே டச்சு வேரினின்று தென்னாப்பிரிக்காவில் முளைத்த சபை 1857-இல் ஒரு தீர்மானஞ் செய்தது. சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, வெள்ளையரல்லாத விசுவாசிகளுக்குத் தனியிடத்தில் ஆராதனை நடத்தலாம் என்பதே அது. பலவீனம் என்று அவர்களே சொன்னது, 1881-இல் தனிச் சபையாயிற்று, பின்னர்க் கோட்பாடாயிற்று. அவ்வாறு ஒதுக்கப்பட்ட சபையாரே 1982-இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை வரைந்து, 1986-இல் ஏற்றனர். 1990-இல் ரஸ்டன்பர்க் மாநாட்டில் பேராசிரியர் வில்லி யோங்கர், தம் பாவத்தையும் தம் சபையின் பாவத்தையும் சேர்த்து அறிக்கையிட்டார். நம் ஸ்கடர்களின் தாய்ச்சபை 2010-இல் பெல்ஹார் அறிக்கையைத் தன் விசுவாசப் பிரமாணங்களுள் ஒன்றாகக் கொண்டது. சாதிச் சுவரோடு நெடுநாள் வாழ்ந்த நம் சபைகளில் எத்தனை அதனைத் தமிழிற் படித்து விவாதித்தன?

இதற்கு நம் மூப்பர் கூறும் மறுமொழி ஒன்றுண்டு. "சாதி ஊர் விஷயம், தம்பி, இரட்சிப்பு உள்ளத்து விஷயம். இதைக் கிளறினால் சபை பிளவுபடும்" என்பர். பிளவு இனிமேல்தான் வரவேண்டுமா? வரப்பு வழியே வந்தவர்க்கு அது முன்னமே தெரியும். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உண்பதினின்று விலகியபோது, பவுல் அதனை ஊர் விஷயமென்று விட்டுவிடவில்லை. எல்லார்க்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார். அவர்களுக்குள் எழுந்த வழக்கு உள்ளத்தைப் பற்றியதன்று, பந்தியைப் பற்றியது. மூப்பர் அஞ்சுவதில் ஓருண்மை உண்டென்பதை மறுக்கேன்: 2008-இல் எறையூரில் கிறிஸ்தவரிடையே மூண்ட இத்தகைய பூசலில், காவலர் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் இரையாயினர். ஆயின் அப்பூசல் வாய்மூடி இருந்ததனால் தீர்ந்ததன்று, வாய்மூடி இருந்ததனால் வளர்ந்தது.

சென்ற விடுமுறையில் யான் அச்சபையின் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி எவர் இறப்பினும் பிரேதம் சாலைப்பக்கத்து வாயிலாலேயே செல்லுதல் வேண்டும் என்பது ஒன்று. அம்மூதாட்டியின் கல்லறையண்டையில் சபையார் ஒருமுறை கூடி அறிக்கை ஜெபம் செய்தல் வேண்டும் என்பது மற்றொன்று. என் தந்தையார் அதைப் படித்து நெடுநேரம் பேசாதிருந்தார். பின் தாமும் கையெழுத்திட்டார். வரப்புப் பக்கத்து வீடுகளிலிருந்து ஐவர் இட்டனர். சாலைப் பக்கத்திலிருந்து எங்களையும் சேர்த்து மூவர். அறுப்பின் பண்டிகைக்குப் பிறகு ஆலோசிப்பதாகக் குழுச் செயலர் சொல்லியிருக்கின்றார்.